ஓடுகிற பிள்ளைக்கு இடமில்லாத மலை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கொடைக்கானல் மலையில் கதவுகள் நாள் கணக்கில் சாத்தியே கிடக்கும். பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி என்று எந்த ஊரிலும் ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். தகரக் கூரை, ஒரே அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல்கட்டு. மூலையில் விதைக்கிழங்கு மூட்டை, உத்தரத்தில் தொங்கும் பூண்டுக் கட்டு, சுவரோரம் காட்டுக்குத் தெளிக்கிற மருந்து டப்பா, நடுவில் குளிர்காயத் தணல் சட்டி. இத்தனைக்கும் நடுவே ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்று. மூட்டை மேல் ஏறிக் குதிக்கும். அரிசிப் பானைக்குள் கையை விட்டு அள்ளி இறைக்கும். குடத்தைச் சாய்த்துவிட்டு, ஓடும் தண்ணீரில் உட்கார்ந்து தட்டும். தூக்கி இடுப்பில் வைத்தால் மீன்போல் வழுக்கி இறங்கிவிடும். ‘சரியான அறுந்த வாலு’, ‘ஒரு நிமிஷம் உட்காராது’ என்று வீட்டில் அலுத்துக்கொள்வார்கள். அந்த அலுப்பு நியாயமானது. ஆனால் அதற்குக் காரணம் பிள்ளை என்று முடிவு கட்டுவதுதான் தவறு. ஓடுவது அந்த வயதின் வேலை. அந்த ஓட்டத்துக்கு வேண்டிய இடமும், கூட நிற்க வேண்டிய கைகளும் இந்த மலையில் ஒவ்வொன்றாகக் குறைந்துபோயின. குறைந்துபோனதன் சுமையை இரண்டு வயதுப் பிள்ளையின் முதுகிலும் அதன் தாயின் தலையிலும் ஏற்றி வைத்திருக்கிறோம்.

முதலில் அந்த ஓட்டத்தின் அளவைப் பார்த்துவிடலாம். 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, பிறந்து எட்டு நாளான சிசு முதல் 95 வயது முதியவர் வரை 6,400-க்கும் மேற்பட்டவர்களின் உடல் செலவிடும் ஆற்றலை அளந்து பார்த்தது. உடல் அளவுக்குத் தக்கபடி கணக்கிட்டால், மனித ஆயுளிலேயே அதிகமான ஆற்றலைச் செலவிடுவது ஒரு வயதை எட்டிய குழந்தை. பெரியவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதல். அந்த வேகம் இருபது வயதுவரை மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தார்கள், 17 தடவை விழுந்தார்கள். விழுந்து எழுந்துதான் நடை பழகுகிறது. உட்கார்த்தி வைத்து யாரும் நடக்கக் கற்றுக்கொடுத்துவிட முடியாது. இந்தக் கணக்கைப் பத்துக்குப் பத்து அறைக்குள் கொண்டுவந்து பாருங்கள். நாலெட்டு வைத்தால் சுவர், திரும்பினால் தணல் சட்டி, அதற்கப்பால் மருந்து டப்பா. வெளியில் விட்டால் வெறும் நடை என்று போயிருக்கும் ஒன்று, உள்ளே அடைபட்டதும் சேட்டை என்று பெயர் வாங்கிக்கொள்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையும் இல்லை. பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் குழந்தையை மாதக் கணக்கில் கவனித்தவர்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். 17, 19, 21-ஆம் மாதங்களை அவற்றுக்கு உரியவையாகச் சொல்லும் வழக்கம் உண்டு. கட்டியதைக் கலைப்பது, கையில் கிடைத்ததைத் தட்டுவது, எதையாவது இழுத்துக்கொண்டு ஓடுவது என்ற மூன்றையும் இன்றைய குழந்தை மருத்துவர் அந்த வயதின் வளர்ச்சி அடையாளமாகக் கேட்டறிகிறார். பழைய புலவர்கள் வரிசைப்படுத்திப் பாடியே வைத்தார்கள். இந்த மலையின் பெருந்தெய்வமும் ஒரு பிள்ளைதான். பழனியில் கோபித்துக்கொண்டு வந்து நின்ற முருகன், மேலே பூம்பாறையில் குழந்தை வேலப்பர். உறங்கும் அருணகிரிநாதரைக் கொல்ல வந்த அரக்கி, அவர் மேல் ஏறி விளையாடிய குழந்தையைப் பார்த்துத் தாயும் சேயும் என்று நினைத்துத் திரும்பிப் போனாள் என்பது அந்தக் கோயிலின் தலக்கதை. ஆனால் அந்த மரபில் ஒரு பெரிய குறை இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைப்பதற்கும் பறை முழக்குவதற்கும் தேர் உருட்டுவதற்கும் இடமில்லை. அம்மானை, நீராடல், ஊசல் போன்றவைதான் அவளுக்கு. இன்றைக்கும் ஆண் பிள்ளை மூட்டை மேல் ஏறினால் வீரன், பெண் பிள்ளை ஏறினால் ‘பொம்பளப் புள்ளயா இது’ என்கிறோம். 2,368 அடி அவளுக்கும் சேர்த்துத்தான்.

கொடைக்கானல் என்ற ஊர் உருவானதிலேயே குழந்தைகளுக்குப் பங்கு உண்டு. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன் குடும்பங்கள் சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பெரியவர்களையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த பிறகு, 1845-இல் இந்த 7,000 அடி உயரத்தில் முதல் வீடுகளைக் கட்டின. 1901-இல் தங்கள் பிள்ளைகளுக்காகவே இங்கே பள்ளிக்கூடமும் தொடங்கினார்கள்; இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதன் தொடர்ச்சி. பிள்ளைகள் பிழைத்து வளர்வதற்கென்று தேர்ந்தெடுத்த ஊரில் இன்று பிள்ளைகள் தெருவில் இறங்க முடியவில்லை. 2011 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 36,501. சுற்றுலா வண்டிகள் பெருகியதால் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே மாதம் அவற்றுக்கு இ-பாஸ் முறையைக் கொண்டுவந்தது. 2025-இல் வெளியூர் வாகனங்களுக்கு உச்சவரம்பு விதித்தபோதுகூட வாரநாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று அனுமதித்தது. அதாவது கட்டுப்படுத்திய பிறகுதான் இந்த 6,000. வளைவும் ஏற்றமுமான, நடைபாதை இல்லாத தெருக்களில் இத்தனை வண்டிகள் ஓடும்போது எந்தத் தாய் கதவைத் திறந்து வைப்பாள்? ஊரில் பூங்காக்கள் இருக்கின்றன. பிரையண்ட் பூங்காவுக்குச் சீட்டு வாங்க வேண்டும். அங்கே மலர்ப்பாத்திகளைப் பார்க்கலாம், அவற்றில் ஓட முடியாது. உள்ளூர்ப் பிள்ளைக்காக, வேலி கட்டி, மண் தரையோடு, எந்நேரமும் திறந்து கிடக்கும் இடம் ஒவ்வொரு தெருவுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டாமா? வேலி கட்டாயம் வேண்டும். காட்டுமாடு ஊருக்குள் வந்து போகும் இடம் இது. திறந்தவெளி என்ற ஒன்றே பாதுகாப்பாகிவிடாது.

நகரத்தை விட்டு மேல்மலைக் கிராமங்களுக்குப் போனால் நிலைமை வேறு மாதிரி. அங்கே இடத்தைவிடக் கைகள்தான் குறைவு. கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு, பீன்ஸ் எல்லாமே பெண்களின் உழைப்பில் விளைபவை. களையெடுக்கப் போகிற தாய் பிள்ளையைக் காட்டோரம் மரத்தில் தூளி கட்டிப் படுக்க வைக்கலாம், அதுவும் தவழுகிற வரைக்கும்தான். நடக்கத் தொடங்கியதும் தூளி நிற்காது. மருந்தடித்த பாத்தியில் இறங்கி மண்ணை வாயில் வைக்கும். சட்டம் இங்கே கைகொடுக்கவில்லை. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் அது தேயிலை, காபி, ரப்பர் போன்ற பயிர்களுக்கு. கேரட்டும் பூண்டும் அதில் சேரவில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபி உண்டு என்றாலும் பெரும்பாலும் சிறு தோட்டங்கள். ஐம்பது பெண்கள் ஓரிடத்தில் வேலை செய்வதில்லை. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடம் என்றே பேசுகிறது. பத்துப் பேர் வேலை செய்யும் காட்டில் இருக்கும் பிள்ளையை எந்தச் சட்டமும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

இந்த மலையில் வாழும் சிலருக்கு மாற்று வழி ஒன்று நினைவிலேயே இருக்கும். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பங்களில் ஒரு பகுதி கொடைக்கானல் மலைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் விட்டுவந்த தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா உண்டு. காலையில் கொழுந்து பறிக்கப் போகிற தாய் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் போவாள். ஒரு பெண் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். துரைமார்கள் அதைக் கருணையால் நடத்தவில்லை. தாயின் கை கொழுந்துக்கு வேண்டும் என்பதால் நடத்தினார்கள். கவனிப்பும் பல இடங்களில் சுமார்தான். இருந்தாலும் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் வேலைக்குப் போகும் தாய்க்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கை வேண்டும் என்பதை அந்தச் சுரண்டல் அமைப்பே ஒப்புக்கொண்டிருந்தது. சுதந்திர இந்தியாவின் காய்கறிக் காடு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த மூன்றாவது கையின் இடத்தில் இப்போது செல்போன் உட்கார்ந்திருக்கிறது. பால் அடுப்பில் இருக்கிறது, மழை கொட்டுகிறது, பிள்ளை தணல் பக்கம் போகிறது என்றால் ஒரு தாய் போனை எடுத்துக் கொடுப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவளைக் குறை சொல்லும் உபதேசங்கள் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் போன் என்ன செய்கிறது என்பது தெளிவாகவே தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 180 நிமிடமாவது உடல் அசையும் விளையாட்டு வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓரிடத்தில் கட்டி உட்கார வைக்கக் கூடாது. ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதுக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள். திரையைப் பற்றி இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் சொன்னதும் இதேதான். திரை முன் உட்கார்ந்த பிள்ளை அமைதியாக இருப்பதுபோல் தோன்றும். ஓட வேண்டிய ஓட்டம் தீர்வதில்லை. இரவு பத்து மணிக்கு வீடு உறங்கப் போகும் நேரத்தில் அது மூட்டை மேல் ஏறத் தொடங்கும்.

இதற்கு மறுப்பாக முதலில் வருவது, ‘நாலு சாத்து சாத்தினால் அடங்கும்’ என்பது. அடங்கும், பத்து நிமிடம். அடித்து வளர்ப்பது பற்றிய ஐம்பது ஆண்டு ஆய்வுகளை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை, எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கெய்லரும் 2016-இல் தொகுத்துப் பார்த்தார்கள். அடி வாங்கிய பிள்ளைகளிடம் கீழ்ப்படிதல் கூடியதாகக் காணவில்லை. முரட்டுத்தனமும் எதிர்ப்பும் கூடுதலாக இருந்தன. அவ்வளவு தூரம் போகாமல் இந்த மலையிலேயே பார்க்கலாம். இங்குள்ள பழங்குடிகளான பளியர்களிடையே 1960-களில் களப்பணி செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், வன்முறையைத் தவிர்ப்பதையும் ஒருவர் மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தாமல் இருப்பதையும் வாழ்க்கை முறையாகவே வைத்திருந்த சமூகம் என்று அவர்களைப் பதிவு செய்தார். அந்த மதிப்பு சின்னப் பிள்ளைகளுக்கும் உண்டு. அப்படி வளர்ந்தவர்கள் அடங்காப்பிடாரிகளாக ஆகிவிடவில்லை; சண்டை முற்றுவதற்கு முன் விலகிப் போகத் தெரிந்தவர்களாக ஆனார்கள். பளியர் பிள்ளைக்குச் சுற்றிலும் காடு இருந்தது, தகர அறைக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் இடத்தையும் சேர்த்தே கேட்கிறோம்.

இரண்டாவது மறுப்பு அப்பத்தாக்களின் பெயரால் வருவது. ‘அந்தக் காலத்தில் எட்டுப் பிள்ளையை ஒருத்தியே வளர்த்தாள், இப்போது ஒன்றுக்கே மூச்சு வாங்குகிறது’ என்பார்கள். அப்பத்தா தனியாக வளர்க்கவில்லை. நாலாவது பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் மூத்த மகள். ஏழெட்டு வயதில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. அந்தக் கணக்கை மறைத்துவிட்டு இன்றைய தாயின் பொறுமையை அளப்பது அநீதி. இன்று அந்த மூத்த மகள் பள்ளிக்குப் போகிறாள். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. அவள் இடுப்பிலிருந்து இறங்கிய பிள்ளையை யார் ஏந்திக்கொள்வது என்பதற்குத்தான் சமூகம் இன்னும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குள் அந்தப் பதிலில் பாதி அப்பாவுடையது. மழை நாளில் காட்டு வேலை இல்லாமல் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரத்தைப் பிள்ளையோடு கழித்தால், தாய்க்கு ஒரு வேளைச் சோறு நிம்மதியாக இறங்கும்.

மலைக்கே உரிய மறுப்புகளும் உண்டு. குளிரில் வெளியே விட்டால் சளி பிடிக்கும் என்பது ஒன்று. சளியைக் கொடுப்பது வைரஸ். மூடிய அறையில் பத்துப் பேர் நெருங்கி இருந்தால் அது இன்னும் சுலபமாகப் பரவும். மூடிய அறையின் கரித்தணலோ சளியைவிடக் கொடியது. அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உறக்கத்திலேயே உயிரை எடுக்கும். ஸ்வெட்டர், குல்லா, காலுக்கு ரப்பர் பூட்ஸ் போட்டு மழை விட்ட இடைவெளியில் அரை மணி நேரம் வெளியே நடக்க விடுவது, தணலருகே அடைத்து வைப்பதைவிட எத்தனையோ மேல். கொடைக்கானல் சாக்லேட் தின்றதால்தான் இந்த ஆட்டம் என்பது இன்னொன்று. சர்க்கரைக்கும் பிள்ளையின் ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்த ஆய்வுகளை 1995-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் தொகுத்தவர்கள் அப்படி ஒன்றும் இல்லை என்று கண்டார்கள். பல்லுக்காகச் சாக்லேட்டைக் குறைக்கலாம். ஆட்டம் அதனால் குறையப்போவதில்லை.

எல்லாவற்றையும் வயதின் இயல்பு என்று தள்ளிவிட்டால், உண்மையிலேயே உதவி தேவைப்படும் பிள்ளை தவறிப்போகாதா? இந்தக் கேள்வியைத்தான் மிகுந்த அக்கறையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாட்டைப் பொறுத்தவரை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டுதல் நான்கு வயதிலிருந்துதான் மதிப்பிடச் சொல்கிறது. இரண்டு வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் தெரிவார்கள் என்பது காரணம். ஆகவே இரண்டு வயதுப் பிள்ளைக்கு யாராவது அந்தப் பெயரைச் சூட்டினால் நம்ப வேண்டியதில்லை. அந்த வயதில் ஓட்டத்தைவிட வேறு சில அடையாளங்களைக் கவனிக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறதா, பேசிய சொற்கள் திடீரென்று நின்றுபோயினவா? இதில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க 2013 முதல் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் இயங்குகின்றன. அவர்களிடம் காட்டலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். சேட்டை செய்கிற பிள்ளையைவிட, எதையும் தொடாமல் எதையும் கேட்காமல் மூலையில் ஒடுங்கி உட்காரும் பிள்ளையைப் பற்றித்தான் விரைவாகக் கவலைப்பட வேண்டும்.

வீட்டுக்குள் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றுக்குச் செலவு அதிகமில்லை. மருந்து டப்பாவும் மண்ணெண்ணெயும் வீட்டுக்குள் இருக்கவே கூடாது. வேறு வழியில்லை என்றால் பூட்டும் பெட்டியில், ஆள் உயரத்துக்கு மேல். தணலைச் சுற்றிக் கம்பி வலை. விழுந்தால் உடையும் எதையும் தரையில் வைக்காமல், தரையைப் பிள்ளைக்கு விட்டுவிடுவது. ஒவ்வொரு தடவையும் ‘தொடாதே’ என்று கத்துவதைவிடத் தொடலாம் என்று நாலு சாமானைக் கொடுப்பது பயன் தரும். ஒரு பழைய குண்டான், கரண்டி, தேங்காய்ச் சிரட்டை, ஒரு கூடை நிறையப் பூண்டு. பூண்டை ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்கு மாற்றும் வேலையில் இரண்டு வயதுப் பிள்ளை கால் மணி நேரம் மூழ்கிப் போகும். பழைய மர நடைவண்டி கிடைத்தால் இன்னும் நல்லது, அதைத் தள்ளிக்கொண்டு தன் காலால் நடக்கும். உட்கார வைத்துச் சக்கரத்தில் ஓடவிடும் பிளாஸ்டிக் வாக்கரை வாங்க வேண்டாம். படியில் உருண்டு குழந்தைகள் காயப்படுகிறார்கள் என்பதால் கனடா 2004-இலேயே அதைத் தடை செய்துவிட்டது. சரிவும் படியுமான மலை வீட்டில் அதன் ஆபத்து பல மடங்கு.

ஆனால் வீட்டுக்குள் எவ்வளவு சரிசெய்தாலும் பத்துக்குப் பத்து அறை பத்துக்குப் பத்துதான். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு: பாதிக் கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இரண்டு வயது முடிந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள், சோறும் முட்டையும் கிடைக்கிறது, ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டமே விளையாட்டை அடிப்படையாகக் கொண்டது. இடைவெளி இரண்டு இடத்தில். நடக்கத் தொடங்கி இரண்டு வயதாகாத பிள்ளைக்கு அங்கே நாள் முழுதும் இடமில்லை. காட்டு வேலை முடிந்து தாய் திரும்பும் முன்பே மையம் மூடிவிடுகிறது. இந்த இரண்டையும் அடைக்கவே மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கு அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்துக்கு நிதி தருகிறது. திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் இந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்கி முதலில் மேல்மலைக்குத்தான் தர வேண்டும். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கூக்கால் ஊர்களில் காலை ஏழரை மணியிலிருந்து மாலை வேலை முடியும் வரை, ஒன்றரை வயதுப் பிள்ளையையும் ஏற்றுக்கொள்கிற காப்பகம் வேண்டும். மழைக்கால வார நாட்களில் சமுதாயக் கூடங்களும் ஆலயங்களின் கூடங்களும் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. தரையில் பாய் விரித்துப் பிள்ளைகளை ஓடவிட ஊர்ப் பெரியவர்கள் மனம் வைத்தால் போதும். கொடைக்கானல் நகராட்சி, சுற்றுலாவில் கிடைக்கும் வருமானத்திலிருந்து வார்டுக்கு ஒரு வேலியிட்ட மண் திடலை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்க வேண்டும். வரும் கிராம சபையில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்; தாய்மார்கள் கையெழுத்தோடு கொடுங்கள், அப்பாக்களும் கையெழுத்துப் போடுங்கள்.